காரே வராத ரோடு பிரான்ஸில் எங்கே கிடைக்கும்?

கேள்வி: 2024 மார்ச் 9

வணக்கம் அண்ணை. நானும் மனுசியும் லண்டனிலை இருக்கிறம். ஜூனிலை ரெண்டு கிழமை லீவு. நியூஹேவனிலை கப்பல் ஏறி தியெப்பிலை இறங்கி, அங்கையிருந்து சைக்கிளிலை பிரான்ஸுக்குள்ளை போக யோசிக்கிறம். மனுசிக்குப் பின்னாலை கார் வாற சத்தம் கேட்டாலே பயம். லுவார் ஆத்துப் பாதை ஒண்டுதான் பாதுகாப்பு, மற்ற ரோட்டிலை இறங்கக் கூடாது எண்டு இங்கை எல்லாரும் சொல்லினம். உண்மையோ?

மார்ச் 9, இரவு

உண்மை இல்லை தம்பி. லுவார் பாதை அருமையான பாதைதான். நெவேர் பக்கத்திலிருந்து அட்லாண்டிக் கரையில் சேன்-ப்ரெவான் வரை ஏறக்குறைய 900 கி.மீ. ஆனால் அதிலேயே கணிசமான தூரம் சாதாரண கிராமத்து ரோடு. ஓரத்தில் வெள்ளைப் பலகையில் பச்சையாக ஒரு சைக்கிள் படம் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ரோட்டில் உங்கள் வீட்டுக்காரம்மா நிம்மதியாக ஓட்டுவார் என்றால் பலகை நடாத ரோட்டிலும் ஓட்டலாம்.

இரண்டு பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். 'வுவா வெர்த்' என்றால் மோட்டார் வண்டிக்கு இடமே இல்லாத பாதை. பழைய ரயில் தடம், கால்வாய்க் கரை, இப்படி. 'வெலோரூத்' என்றால் சைக்கிளுக்கு வழிகாட்டிப் பலகை வைத்த தடம். அதில் கார் போகிற ரோடும் சேர்ந்தே வரும். பலர் இரண்டையும் ஒன்றாக எழுதிவைத்திருக்கிறார்கள், அதனால்தான் இந்தக் குழப்பம்.

என் அபிப்பிராயம் இதுதான்: பிரான்ஸில் அமைதி சைக்கிள் பாதையை விடச் சின்ன ரோட்டில்தான் அதிகம். நாளை எழுதுகிறேன்.

மார்ச் 10

மிஷெலின் தாள் வரைபடம் ஒன்று வாங்குங்கள், மாவட்டத் தொகுதி, 1:1,50,000 அளவு. சிவப்புக் கோடு பெரிய சாலை. மஞ்சள் அதற்கு அடுத்தது. வெள்ளைக் கோடு ஊருக்கும் ஊருக்கும், பண்ணைக்கும் பண்ணைக்கும் போகிற ரோடு. வெள்ளையைப் பிடித்துக்கொண்டு போங்கள். மஞ்சளைக் குறுக்கே கடக்கலாம், ஓரிரு கிலோமீட்டர் அதன் மேல் போகலாம். சிவப்பைத் தொடவே வேண்டாம்.

சில கோடுகளின் ஓரத்தில் பச்சை பூசியிருக்கும். அழகான சாலை என்று அர்த்தம். அழகு என்று அச்சடித்துவிட்டதால் ஜூலை, ஆகஸ்டில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அங்கேதான் போகும். ஜூன் தொடக்கத்தில் பரவாயில்லை.

கோட்டின் மேல் அம்பு முனை மாதிரி இருந்தால் ஏற்றம். ஒன்று 5 முதல் 9 சதவீதம், இரண்டு 9 முதல் 13, மூன்று அதற்கு மேல். முனை ஏறுகிற பக்கம் பார்க்கும். மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்கள் மூன்று முனை உள்ள ரோட்டை இறங்கும் திசையில் வைத்துக்கொள்வது நல்லது.

மார்ச் 10, மாலை

செயலி போதாதா, ஹீட்மேப் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சைக்கிள்காரர்கள் அதிகம் போன ரோடு அதில் பளிச்சென்று தெரியும். அவர்கள் அதிகம் போனது ஊருக்குப் பக்கத்தில் இருப்பதாலும் இருக்கலாம், பேர்போன மலை ஏற்றம் என்பதாலும் இருக்கலாம். கார் குறைவு என்பதற்கு அது சாட்சி ஆகாது. யாரும் போகாததால் இருட்டாகத் தெரிகிற ரோடுகளில்தான் எனக்கு மிக நல்ல நாட்கள் அமைந்திருக்கின்றன.

செயலியில் நான் பார்ப்பது தெருப் படம். நடுவில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறதா? இல்லையென்றால் நல்ல அறிகுறி. தார் இரண்டு பட்டையாகத் தேய்ந்து நடுவில் புல் முளைத்திருக்கிறதா? அப்படியானால் யோசிக்கவே வேண்டாம்.

மார்ச் 11

எண்ணைப் பற்றி. ரோட்டுப் பலகையில் எண்ணுக்கு முன்னால் 'டி' என்றால் மாவட்டச் சாலை. கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருக்கும், தேசியச் சாலைக்குச் சிவப்பு. பொதுவாக டி-க்குப் பின்னால் எண் பெரிதாக ஆக ரோடு சின்னது. பின்னால் இன்னொரு எழுத்தும் ஒட்டியிருந்தால் அது கிளை, இன்னும் சின்னது.

இதை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது. 1972-லும் 2006-லும் அரசாங்கம் தேசியச் சாலைகளைக் கட்டுக்கட்டாக மாவட்டங்களிடம் தள்ளிவிட்டது, முதல் தடவை ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அவற்றுக்குப் புது எண் தர, பழைய எண்ணுக்கு முன்னால் 1, 2, 6, 8 என்று எதையாவது சேர்த்தார்கள். டி 1075 என்பது பழைய தேசியச் சாலை 75. டி 820 பழைய 20. லாரி போகிற ரோடு. எண் பெரிதாக இருக்கிறதே என்று ஏறினால் ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டவேண்டியதுதான். 9-இல் தொடங்கும் மூன்று இலக்க டி எண்ணையும் வரைபடத்தில் ஒரு தடவை சரிபாருங்கள், பழைய தேசியச் சாலைகள் அதிலும் நிறைய.

டி-யை விடச் சின்னது கம்யூன் ரோடு. கம்யூன் என்றால் நம் ஊராட்சி மாதிரி. பெரும்பாலும் எண்ணே எழுதியிருக்காது, பலகையில் பண்ணையின் பெயர் மட்டும் இருக்கும். நாட்டின் பதினோரு லட்சம் கிலோமீட்டர் சாலையில் ஏறக்குறைய ஏழு லட்சம் இந்த வகை.

மார்ச் 12

பயத்துக்கு எண்ணில் ஒரு பதில் சொல்கிறேன், உங்கள் வீட்டம்மாவிடம் காட்டுங்கள்.

ஒரு ரோட்டில் நாளைக்கு 100 வண்டி என்று வையுங்கள். இரவை விட்டுவிட்டுப் பகல் 12 மணி நேரத்தில் பிரித்தால் மணிக்கு 8, ஒரு திசைக்கு 4. கார் மணிக்கு 80 கி.மீ., நீங்கள் 20. நீங்களும் அதே திசையில் நகர்ந்துகொண்டிருப்பதால் ஒரு மணி நேரத்தில் உங்களைப் பின்னாலிருந்து எட்டிப் பிடிப்பது 3 கார். எதிரே வருவது 5.

நாளைக்கு 500 வண்டி என்றால் பின்னாலிருந்து மணிக்கு 15, நாலு நிமிடத்துக்கு ஒன்று. 2,000 என்றால் நிமிடத்துக்கு ஒன்று. 500 வரை பேசிக்கொண்டே ஓட்டலாம். 2,000-இல் பேச்சு நின்றுவிடும், முதுகு இறுகிவிடும். காகிதத்தில் இரண்டுமே 'குறைந்த போக்குவரத்து'தான்.

பல மாவட்ட மன்றங்கள் டி சாலைகளில் வண்டி எண்ணி வரைபடமாக வெளியிடுகின்றன. மாவட்டத்தின் பெயரோடு 'கோம்ப்தாஜ் ரூத்தியே' (comptage routier) என்று தேடினால் கிடைக்கும். கம்யூன் ரோடு அதில் வராது. எண்ணுவதற்கு அங்கே என்ன போகிறது!

மார்ச் 12, இரவு

"இவ்வளவு ரோடு, இவ்வளவு குறைவாக ஆட்கள், யாருக்காகப் போட்டார்கள்?" என்ற கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

ஆட்கள் இருந்தபோது போட்டது. 1836 மே 21-ஆம் தேதிச் சட்டம் ஒவ்வொரு கம்யூனும் தன் எல்லைக்குள் உள்ள ஊர்ப் பாதைகளைப் பராமரித்தே ஆகவேண்டும் என்றது. இன்றும் கம்யூன்கள் ஏறக்குறைய 35,000. ஒவ்வொன்றும் தன் பண்ணை, தன் ஆலை, தன் கல்லறைத் தோட்டம் என்று பாதை போட்டுப் பிற்பாடு தாரும் போட்டது. இதற்குள் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள்.

க்ரூஸ் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1851-இல் அங்கே சுமார் 2,87,000 பேர். இப்போது 1,15,000 அளவில்தான். நிலம் சோறு போடாததால் ஆண்கள் வசந்தத்தில் கூட்டம் கூட்டமாகப் பாரிஸுக்கு நடந்தே போய்க் கட்டட வேலை செய்தார்கள். பாரிஸின் கல் வீடுகளில் க்ரூஸ் கொத்தனார்களின் கை நிறைய உண்டு. அவர்களில் ஒருவரான மார்த்தேன் நாதோ நாடாளுமன்ற உறுப்பினராகவே ஆனார். பிறகு ரயில் வந்தது, போனவர்கள் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டார்கள். முதல் உலகப் போர் மிச்சம் இருந்த இளைஞர்களைக் கொண்டுபோனது. ரோடு மட்டும் அப்படியே இருக்கிறது. மேரி, அதாவது ஊர்மன்றம், நாலு வீட்டுக்காகவும் அதற்குத் தார் போட்டுக் குழி அடைத்து வைக்கிறது, ஏனென்றால் அந்த நாலு வீட்டுக்கும் தபால் வண்டி வரவேண்டும், பால் லாரி வரவேண்டும்.

பெரிய வண்டிகளை மோட்டார்வே இழுத்துக்கொண்டது. மிச்சத்தில் நாம் ஓட்டுகிறோம். இந்த அமைதி இன்னொருவர் ஊரை விட்டுப் போனதால் கிடைத்தது என்ற நினைப்பு எனக்கு அங்கே ஓட்டும்போதெல்லாம் கூடவே வரும். ஊர்ச் சதுக்கத்தில் போர் நினைவுக் கல்லில் ஒரே குடும்பப் பெயர் மூன்று, நாலு தடவை இருக்கும். நின்று படித்துவிட்டுத்தான் போவேன்.

மார்ச் 13

துலூஸிலிருந்து எழுதிய நண்பர் கனால் து மிதி கால்வாய்க் கரைப் பாதையை விட்டுவிட்டேன் என்று கோபித்துக்கொள்கிறார். துலூஸிலிருந்து நோரூஸ் பக்கம் வரை, ஓத்-கரோன் மாவட்டத்துக்குள், தார் போட்ட வழவழப்பான பாதை. யாருக்கும் சிபாரிசு செய்வேன். மாவட்ட எல்லை தாண்டியதும் கதை மாறுகிறது. பல இடங்களில் வெறும் மண் வரப்பு, பிளேன் மரத்தின் வேர் புடைத்து நிற்கும், மழை பெய்தால் சேறு. மெல்லிய டயர் உள்ள ரோடு சைக்கிளில் போகிறவர்களுக்கு அது பாதை இல்லை. அந்த மரங்களும் 2006-லிருந்து ஒரு பூஞ்சை நோயால் வெட்டப்பட்டுவருகின்றன, நிழல் போன நீளங்கள் உண்டு.

கால்வாய்க்கு இணையாக இரண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளி வெள்ளைக் கோடு ஒன்று எப்போதும் ஓடும். நான் அதில் போய், குளிர்ச்சிக்கும் மதகு பார்ப்பதற்கும் மட்டும் கால்வாய்க்கு இறங்குவேன்.

மார்ச் 13, கொஞ்சம் கழித்து

குழந்தைகளோடு போகிறவர்கள் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வுவா வெர்த்தான். ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கி.மீ., 1997-இல் திறந்தது, நாட்டின் முதல் வுவா வெர்த் அதுதான். பழைய ரயில் தடம் என்பதால் ஏற்றம் காலுக்கே தெரியாது. க்ளூனிக்குத் தெற்கே தொடர்ந்தால் புவா க்ளேர் சுரங்கம், 1.6 கி.மீ. உள்ளே வெயில் காலத்திலும் குளிரும், பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அதை மூடிவிடுகிறார்கள்.

பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் ஹெல்மெட் கட்டாயம். பின்னால் உட்கார்ந்து வரும் பிள்ளைக்கும்தான்.

மார்ச் 16

ரோட்டை விட நேரம் முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. முதல் நாளே இதை எழுதியிருக்கவேண்டும்.

பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடிக்கும். அடுத்த கால் மணி நேரம் வேலையிலிருந்து வீட்டுக்குச் சாப்பிடப் போகிற வண்டிகள் சற்று வேகமாக வரும். பிறகு இரண்டு மணி வரை நாடே சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும். மஞ்சள் ரோட்டில் கூட ஒன்றும் வராது. நான் பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிட்டு, தவிர்க்க முடியாத மஞ்சள் நீளங்களையெல்லாம் இந்த இடைவெளியில் போட்டு வைப்பேன். கேன்டீனில் வேலை செய்கிறவனுக்குப் பதினொன்றரை மணிச் சாப்பாடு பழக்கம்தான்.

விலக்கவேண்டிய நேரம் காலை ஏழரை முதல் ஒன்பது, மாலை ஐந்து முதல் ஆறரை. பெரிய ஊரைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்குள் வெள்ளைக் கோடு கூட அப்போது குறுக்கு வழி ஆகிவிடும். ஞாயிறு காலை எல்லா இடமும் நன்று. ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் மோட்டார்வே அடைத்துக்கொண்டால் கார்களின் செயலிகள் கூட்டத்தைக் கிராமத்துக்குள் திருப்பிவிடுகின்றன. ஊர்க்காரர்களே அதில் வெறுத்துப்போயிருக்கிறார்கள்.

மார்ச் 17

நான் எந்த ஊர் என்று கேட்டவருக்கு: காரைக்கால். இங்கே எவ்ரி பக்கம் குடியிருப்பு. பக்கத்தில் காத்தினே சமவெளி. கோதுமை, பீட்ரூட், வானம். காற்று எதிரில் அடித்தால் மறைவே கிடையாது.

மார்ச் 23

பின்னால் வரும் கார் பற்றி இன்னும்.

ஊருக்குள் 1 மீட்டர், ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் இடம் விட்டுத்தான் சைக்கிளைத் தாண்டவேண்டும், இது சட்டம். 2015 முதல், எதிரே வண்டி வராமல் இருந்தால், சைக்கிளைத் தாண்டுவதற்காக நடுவில் உள்ள தொடர்கோட்டையும் கார் தாண்டலாம். அதனால் இங்கே கிராமத்து ஓட்டுநர்கள் பெரும்பாலும் முழுக்க எதிர்ப்பக்கத்துக்குப் போய்த்தான் தாண்டுவார்கள். வளைவில் இடம் கிடைக்காவிட்டால் பின்னாலேயே பொறுமையாக வருவார்கள். முதல் நாள் உங்களுக்கு அது சங்கடமாக இருக்கும், வழி விடவேண்டுமே என்று ஓரம் ஒதுங்கத் தோன்றும். ஒதுங்காதீர்கள். இடம் வந்தால் அவர்களே போவார்கள், கையை உயர்த்தி நன்றி சொல்லுங்கள். ஊர்க்குள் நுழையும்போது எதிரே வருகிறவருக்கு 'போன்ஜூர்' சொல்வதும் அப்படியே.

நடுக்கோடு இல்லாத ரோட்டில் ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம். இருட்டினாலோ, பின்னால் வண்டி தாண்ட நினைத்தாலோ ஒருவர் பின் ஒருவர். இரவிலும் மூடுபனியிலும் ஊருக்கு வெளியே பளபளக்கும் மேலங்கி கட்டாயம். அதை மூட்டையின் மேல் பாகத்திலேயே வையுங்கள்.

ஹேண்டிலின் இடது முனையில் சின்னக் கண்ணாடி ஒன்று மாட்டிக்கொடுங்கள். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்ப்பதற்கும், தூரத்தில் வருவதைக் கண்ணாடியில் முன்கூட்டியே பார்ப்பதற்கும் மனசில் பெரிய வித்தியாசம். இந்தச் சின்ன ரோடுகளில் சல்லி பதித்த சொரசொரப்பான தார்தான். டயர் அதில் உருளும் சத்தம் அரை கிலோமீட்டருக்கு முன்பே கேட்கும், மின்சாரக் காரானாலும் கேட்கும். என் வீட்டுக்காரி காதாலேயே வண்டி எண்ணுவாள்: "ரெண்டு வருது, பின்னாடி இருக்கிறது வேன்." சரியாகத்தான் இருக்கும்.

மார்ச் 23, பிற்சேர்க்கை

வலதுபக்க முன்னுரிமை! இதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஊருக்குள் பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலதுபக்கச் சந்திலிருந்து வருகிறவருக்குத்தான் முதல் உரிமை, அது எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும். உள்ளூர்க்காரர் பார்க்காமலே வந்துவிடுவார். லண்டனிலிருந்து வருகிறவர்கள் வலதுபக்கம் ஓட்டப் பழகுவதோடு இதையும் சேர்த்துப் பழகவேண்டும். வண்டியே இல்லாத ஊரில்தான் கவனம் தளரும்.

ஏப்ரல் 2

'கிராவியோன்' என்று பலகை கண்டால் வேகத்தைக் குறையுங்கள். கோடையில் மாவட்டங்கள் சின்ன ரோட்டுக்கு மெல்லிய தார்க் குழம்பு ஊற்றி மேலே சல்லியைக் கொட்டிவிட்டுப் போய்விடும், வண்டிகள் போய்ப் போய்த்தான் அது பதியவேண்டும். சக்கரத் தடத்தில் சல்லி விலகியிருக்கும், நடுவிலும் ஓரத்திலும் குவிந்திருக்கும். அந்தத் தடத்தை விட்டு விலகாமல், பிரேக்கை அழுத்தாமல், ஹேண்டிலைத் திருப்பாமல் உருண்டு போங்கள். இறக்கத்து வளைவில் இது இருந்தால் இறங்கித் தள்ளுவதில் குறை ஒன்றும் இல்லை. டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையவேண்டாம். 32 இருந்தால் மனசு லேசாக இருக்கும்.

நாய். பண்ணை நாய் வாசல் எல்லை வரை குரைத்துக்கொண்டு ஓடிவரும், பெரும்பாலும் அதோடு நிற்கும். மலைப் பக்கம், ஆல்ப்ஸ், பிரெனே மேய்ச்சல் நிலங்களில் 'பத்தூ' என்ற பெரிய வெள்ளைக் காவல் நாய் வேறு விஷயம். ஆட்டைக் காப்பது அதன் வேலை. இறங்குங்கள், சைக்கிளை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், கத்தாமல் மந்தையைச் சுற்றி மெதுவாக நடந்து போங்கள். 

செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக் காலம். அப்போது காட்டு ரோட்டில் ஆரஞ்சு நிறம் போடுங்கள்.

ஏப்ரல் 7

சரி, உங்கள் வழி. நான் போயிருக்கிற ரோடுகளை வைத்துத்தான் சொல்கிறேன்.

தியெப்பில் இறங்கி ஊரைத் தாண்டினால் ஆர்க்-லா-பத்தாய். அங்கே தொடங்கி ஃபோர்ஜ்-லே-ஸோ வரை பழைய ரயில் தடத்தில் 45 கி.மீ. வுவா வெர்த், வழவழத் தார். லண்டன்–பாரிஸ் சைக்கிள் தடத்தின் ஒரு பகுதி. உங்கள் வீட்டம்மாவுக்கு இது முதல் நாள் தைரியம். வழியில் மெனியேர் அரண்மனை மரங்களுக்கு மேலே தெரியும். நெஃப்ஷாத்தெலில் இதய வடிவத்தில் பாலாடைக்கட்டி விற்பார்கள், வாங்குங்கள்.

ஃபோர்ஜுக்குப் பிறகு ப்ரே மேய்ச்சல் நிலம், ஏற்ற இறக்கம், வெள்ளைக் கோடு. இரண்டாம் நாள் ரோட்டுக்குப் பழக நல்ல இடம். ஜிஸோரிலிருந்து மறுபடி எப்த் பள்ளத்தாக்கில் கஸ்னி வரை ஏறக்குறைய 30 கி.மீ. வுவா வெர்த். அங்கிருந்து ஓவியர் மோனேயின் ஜிவெர்னி கைக்கெட்டும் தூரம், கூட்டம் உண்டு. ஆறு தாண்டி வெர்னோனில் ரயில் ஏறிப் பாரிஸ் சேன்-லஸார். சைக்கிளுக்கு முன்பதிவு வேண்டுமா என்று டிக்கெட் வாங்கும்போதே பாருங்கள்.

பாரிஸைக் கடக்கப் பயப்படவேண்டாம். கோன்கோர்த் சதுக்கம் வந்து, சேன் ஆற்றின் வலதுகரையில் தண்ணீரை ஒட்டிய கீழ்ப் பாதையில் இறங்கிவிடுங்கள். 2016-இல் கார்களை அங்கிருந்து வெளியேற்றிவிட்டார்கள். ஆஸ்தெர்லிட்ஸ் பாலம் வரை கிட்டத்தட்ட அப்படியே போகலாம். அங்கே ஆஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் லிமோஜ் பக்கம் போகும் இன்டர்சிட்டே ரயில். சைக்கிளுக்கு இடம் பதிவு கட்டாயம். சைக்கிள் மாட்டும் கொக்கிகள் குறைவு, இன்றைக்கே பாருங்கள்.

லா சூத்தெரேனில் இறங்குங்கள். க்ரூஸுக்கு வந்துவிட்டீர்கள்.

ஏப்ரல் 8

மறுபடியும் க்ரூஸா, லுவார் பாதையை ஏன் இப்படித் தள்ளுகிறீர்கள் என்று கேட்டவருக்கு. ஜூனில் லுவார் பாதையில் கார் பயம் இல்லை, சைக்கிள் நெரிசல் உண்டு. குடும்பங்கள், பையோடு குழுக்கள், மின்சார சைக்கிள்கள். அரண்மனைகள் பார்க்க அது சரியான இடம். இவர் கேட்டது மனுசியின் பயம் தெளிகிற ரோடு. ஒரு மணி நேரம் ஓட்டி ஒரு தபால் வண்டியும் ஒரு டிராக்டரும் மட்டும் பார்த்தால் அந்தப் பயம் தானாகவே இறங்கும் என்பது என் அனுபவம்.

லா சூத்தெரேன், பெனெவான், பூர்கனெஃப். பெனெவானில் பழைய மடத்துக் கோயில். பூர்கனெஃப் கோபுரத்தில் பதினைந்தாம் நூற்றாண்டில் துருக்கி இளவரசர் செம் சிறைவைக்கப்பட்டிருந்தார், ஊரார் அவரை ஸிஸிம் என்கிறார்கள். அங்கிருந்து ரோடு மேலே ஏறும், மில்வாஷ் பீடபூமி. கிரானைட் பாறை, பீச் மரம், சின்னச் சின்ன ஏரி. வசிவியேர் ஏரியைச் சுற்றி ஓர் இரவு தங்கலாம்.

ஜான்த்தியூ ஊருக்குக் கட்டாயம் போங்கள். 1922-இல் வைத்த போர் நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. மற்ற பல ஊர்களில் சிப்பாய் சிலை, இங்கே ஒரு அநாதைப் பையன். பள்ளி மேலங்கி, கட்டைக் காலணி, ஒரு கையில் தொப்பி, இன்னொரு கை முஷ்டி மடக்கிக் கல்லை நோக்கி நீண்டிருக்கிறது. கல்லில் "போர் நாசமாய்ப் போகட்டும்" என்று பொறித்திருக்கிறார்கள். ரோடுகள் ஏன் காலி என்று மார்ச் 12-இல் எழுதினேனே, இந்தப் பையன் முன்னால் நின்றால் இன்னும் தெளிவாகப் புரியும். நான் அங்கே ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன்.

பிறகு ஃபெல்தான், ஓபுசோன், கம்பளம் நெய்கிற ஊர்கள். திரும்பி எமுத்தியே. அங்கே லிமோஜுக்குச் சின்ன ரயில். டெர் என்கிற இந்தப் பிராந்திய ரயிலில் சைக்கிள் பெரும்பாலும் இலவசம்.

மலை பெரிதில்லை, ஆனால் தட்டை நிலமே கிடையாது. சின்ன கியர் இருக்கட்டும்.

ஏப்ரல் 20

சாப்பாடு. காலி ரோட்டின் மறுபக்கம் காலிக் கடை. ஞாயிறு மதியத்துக்கு மேல் எல்லாம் மூடல். திங்கள் பல ஊர்களில் ரொட்டிக் கடை விடுமுறை. மற்ற நாள் பன்னிரண்டரைக்குப் போனால் கதவு சாத்தியிருக்கும். காலையிலேயே ரொட்டி, வாழைப்பழம், பாலாடைக்கட்டி கட்டிக்கொள்ளுங்கள். சில ஊர்களில் ரொட்டி இயந்திரம் இருக்கும், காசு போட்டால் பகெத் வரும். மிளகாய்ப் பொடி நீங்கள்தான் கொண்டுபோகவேண்டும்.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம். இதைச் சொன்னால் நம் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் இங்கே சைக்கிள்காரர் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். இரும்புக் கதவைத் தள்ளினால் பக்கத்துச் சுவரிலேயே குழாய், பூவுக்கு ஊற்றப் பச்சை பிளாஸ்டிக் பூவாளிகள் மாட்டியிருக்கும். 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள். இல்லாவிட்டால் போத்தலை நிரப்பிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். குழாய் காய்ந்திருந்தால் பண்ணை வீட்டில் போத்தலைக் காட்டிக் கேளுங்கள். மில்வாஷில் ஒரு அம்மா எங்களுக்குத் தண்ணீரோடு ஒரு கிண்ணம் செர்ரியும் கொண்டுவந்து, சாப்பிட்டு முடிக்கும் வரை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். அன்று அவர் வீட்டைத் தாண்டிப் போனவர்கள் நாங்கள் மட்டும்தானாம்.

ஜூலை 3

போய்வந்து எழுதியதற்கு நன்றி தம்பி. பூர்கனெஃபுக்கு மேலே மர லாரி வந்தது என்கிறீர்கள். ஆமாம், அந்தக் காடுகளில் மரம் வெட்டும் தொழில் பெரிது. வார நாளில் வெட்டுமரம் அடுக்கி வைத்த ரோட்டோரம் கண்டால் அன்று அங்கே லாரி வரும் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே எழுதியவற்றோடு இதையும் சேர்த்துப் படியுங்கள், மற்றவர்களுக்கும் உதவும். உங்கள் வீட்டம்மா மூன்றாம் நாளிலிருந்து முன்னால் ஓட்டினார் என்று படித்ததும் என் வீட்டுக்காரியிடம் உடனே வாசித்துக் காட்டினேன்.

ஜூலை 4

செப்டம்பரில் ஒரு கிழமை கிடைத்தால் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். லோஸேர். நாட்டிலேயே ஆட்கள் மிகக் குறைந்த மாவட்டம், மொத்தம் 77,000 பேர் அளவில். அதற்குள் கோஸ் மெஜான் என்ற சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம், ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம், சதுர கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு பேர்தான். ஆடு, புல், பருந்து. வில்லாரே என்ற இடத்தில் மங்கோலியக் காட்டுக் குதிரைகளை வளர்க்கிறார்கள், ரோட்டிலிருந்தே தெரியும்.

ஃப்ளோராக்கிலோ மெய்ருயேஸிலோ தங்கி அங்கிருந்து ஏறுங்கள். ஏற்றம் கடுமை, வரைபடத்தில் அம்பு முனைகளைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள். கீழே தார்ன் பள்ளத்தாக்கு ரோட்டில் ஆகஸ்டில் கார் வரிசை கட்டி நிற்கும், செப்டம்பர் பாதிக்கு மேல் ஓரளவு விட்டுவிடும். மேலே தண்ணீர் கிடையாது, சுண்ணாம்புக்கல் மழையை அப்படியே உறிஞ்சிவிடும். கீழேயே ஆளுக்கு இரண்டு போத்தல் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். மேலே காற்று குளிரும், இறக்கத்துக்கு ஒரு ஜாக்கெட்.

ரயிலுக்கு நீம்–க்ளேர்மோன் தடத்தைப் பாருங்கள். லாங்கோனியில் இறங்கினால் மேலேயிருந்து தெற்கே இறங்கிப் போகலாம். நாளைக்கு ஓடுவது சில வண்டிகள்தான், நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தங்குமிடம் பதிவு செய்யுங்கள்.